பழைய மில்லிங் மெஷினில் 50 மி.மீ. போர் (துளை) வட்டமாக வரமாட்டேங்குது

கேள்வி (கணபதி பட்டறை):
வணக்கங்க. கோயம்புத்தூர் கணபதியில சின்னப் பட்டறை. அப்பா காலத்துக் கைமில்லிங்கை மூணு வருஷம் முன்னாடி சி.என்.சி.யா (கம்ப்யூட்டர் ஓட்டற மாதிரி) மாத்தினேன். டேபிளை நகர்த்தறது 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ (ஒரு சுத்துக்கு 5 மி.மீ. நகர்த்தற திருகுத் தண்டு), ஸ்டெப்பர் மோட்டார் நேரடியா கப்ளிங்ல, ஒரு சுத்துக்கு 1600 பல்ஸ், சாஃப்ட்வேர் மாக்3. போன மாசம் வரைக்கும் 0.02க்குள்ள நின்னுச்சு. இப்ப அலுமினியத்துல 50 போர் போட்டா ஒய் பக்கம் 49.99, எக்ஸ் பக்கம் 49.93. எக்ஸ் திரும்புற ரெண்டு இடத்துலயும் விரல் நகத்துல தட்டுற மாதிரி ஒரு தழும்பு. சாஃப்ட்வேர்ல பேக்லாஷ் காம்பன்சேஷன் (திரும்பறப்ப வர்ற தளர்வை ஈடுகட்டற அளவு) 0.06 குடுத்துப் பார்த்தேன். துளைகளோட இடம் சரியாச்சு, போர்ல தழும்பு இன்னும் மோசமாயிடுச்சு. அப்பா கையால ஓட்டின மெஷின், இதை விட மனசில்லைங்க.

பதில் (டயல்முள்):
தம்பி, முதல்ல அந்த 0.06ஐ எடுத்துடுங்க. சாஃப்ட்வேர் மோட்டாரைத்தான் கூடுதலா திருப்பும், கட்டர் இழுக்கறப்ப டேபிளைப் பிடிச்சு வைக்காது.

அடுத்து, ஸ்டெப் தப்பிப் போகுதான்னு, அதாவது மோட்டார் சில பல்ஸுக்குத் திரும்பாம விட்டுடுதான்னு பாருங்க. உங்க கணக்குல ஒரு பல்ஸ் 3.125 மைக்ரான். புரோகிராம் முழுக்க ஓட்டிட்டு, ஒரே பக்கத்துல இருந்து பூஜ்யத்துக்கு வந்து டயலை (நுண்ணிய அசைவைக் காட்டற முள் கருவி) பாருங்க. ஸ்டெப் தப்பினா ஓட ஓட விலகல் கூடிட்டே போகும். வெறும் ப்ளேன்னா, அதாவது தளர்வுன்னா, பழைய இடத்துக்கே வரும்.

அடுத்து, மோட்டார் இல்லாத முனையில ஸ்க்ரூவோட சென்டர் குழியில கிரீஸ் தொட்டு ஒரு சின்ன பேரிங் குண்டை ஒட்டுங்க. தட்டை முனை டயலை அந்தக் குண்டு மேல வைங்க. இன்னொரு டயல் டேபிள்ல. மோட்டாருக்குக் கரண்ட் இருக்கணும், இல்லாட்டி பால் ஸ்க்ரூ தானே திரும்பிடும். மரக்கட்டையை முட்டுக் குடுத்து டேபிளை ரெண்டு பக்கமும் அழுத்துங்க. ரெண்டு முள்ளும் சேர்ந்து ஆடினா கோளாறு பேரிங் பக்கம். குண்டு அசையாம டேபிள் மட்டும் ஆடினா நட்டு, இல்ல நட்டைப் பிடிச்சிருக்கற பிராக்கெட். இதைப் பார்க்காம புது ஸ்க்ரூவுக்குக் காசு கட்டிடாதீங்க.

பதில் (ஜிப்பும் கிரீஸும்):
அண்ணா சொன்னதுதான். எக்ஸும் ஒய்யும் ஒண்ணுக்கொண்ணு செங்கோணமா இல்லாமப் போயிருந்தா வட்டம் 45 பாகையில நீளும், உங்களுக்கு அப்படி இல்லை. ஜிப்பை (டேபிள் சறுக்கற பாதையோட இடைவெளியைச் சரிபண்ற பட்டை) மட்டும் இறுக்கிடாதீங்க. ப்ளே மறைஞ்ச மாதிரி தெரியும், மோட்டார் திணறி ஸ்டெப் தப்பும். சரியாகற வரைக்கும் கிளைம்ப் மில்லிங் (கட்டர் பல் போற திசையிலயே டேபிளை ஓட்டி வெட்டறது) வேண்டாம், கட்டர் டேபிளை உள்ள இழுத்துக்கும்.

கேட்டவர்:
பார்த்தேங்கண்ணா. பூஜ்யம் அப்படியே வருது. குண்டு மேல இருந்த முள் 0.05 ஆடுச்சு, டேபிள் 0.06. மோட்டார் பக்க மூடியைக் கழட்டினா, ஸ்க்ரூ முன்னபின்ன நகராமத் தாங்கற ஆங்குலர் பேரிங் ஜோடியைப் பிடிச்சிருக்கற லாக்நட்டு கையாலயே திரும்புது! அந்த நட்டைக் கழலாமப் பிடிக்கற கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு) தளர்ந்து, அதுக்கு அடியில மரை நசுங்கிக் கிடக்கு. பேரிங்கைக் கழுவி, கிரீஸ் போட்டு, லாக்நட்டை இறுக்கினேன். இப்ப 0.01தான் ஆடுது. காம்பன்சேஷன் இல்லாமலே போர் எக்ஸ் 49.98, ஒய் 49.99. ரொம்ப நன்றிங்கண்ணா.

பதில் (டயல்முள்):
சந்தோஷம் தம்பி. கிரப் ஸ்க்ரூவுக்கு அடியில சின்னப் பித்தளைத் துண்டு ஒண்ணு வைங்க, மரையைக் கடிக்காது. ஒய் பக்க லாக்நட்டையும் இன்னிக்கே திறந்து பார்த்துடுங்க. ரெண்டையும் ஒரே நாள்லதானே மாட்டியிருப்பீங்க?