தண்ணீர் பாட்டிலில் ஸ்பிரிட் வைத்திருக்கிறார் அப்பா, எங்கே மாற்றி வைப்பது?

தக்கலைக்காரன்:
அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். ஊசி போடும் இடத்தைத் துடைக்க மெடிக்கலில் அரை லிட்டர் ஸ்பிரிட், அதாவது ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கினோம், 70 சதவீதம். அப்பா அதில் பாதியைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, சாமி விளக்குக்கு மேல் தட்டில் வைத்துவிட்டார். கேட்டால், "மூடித்தானே இருக்கு" என்கிறார். அடுத்த வாரம் தங்கச்சி பிள்ளைகளோடு வருகிறாள், இளையவனுக்கு மூணு வயசு, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். வீட்டில் இரண்டு அறையும் அடுக்களையும் மட்டும்தான் உண்டு.

குளச்சல் நர்ஸ் அக்கா:
தம்பி, முதலில் அந்தத் தண்ணீர் பாட்டிலை ஒழியுங்கள். பிள்ளையை விடுங்கள், ராத்திரி கரண்ட் போனால் அப்பாவே எடுத்துக் குடித்துவிடுவார். கடையில் வந்த பாட்டில், அதே லேபிள், இறுக்கமான மூடி, பூட்டுகிற அலமாரியில் மேல்தட்டு, அவ்வளவுதான். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் மட்டும் வேண்டாம், இரண்டும் கலந்தால் குளோரோபார்ம் போன்ற நச்சு உண்டாகும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108. அப்புறம், துடைத்த இடம் காய்ந்த பிறகு ஊசி போடுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும்.

மார்த்தாண்டம் மொபைல் கடை:
விளக்குதான் எனக்குப் பயம். இதன் ஆவி காற்றைவிடக் கனம், மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலும் வெளியே வந்து கீழேதான் இறங்கும், கீழே விளக்கு எரிகிறது. 70 சதவீதத்துக்குச் சுமார் 18 டிகிரி சூடு இருந்தாலே பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்பும், நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர் ஏது? போன் போர்டு துடைக்க இதைத்தான் தினமும் எடுக்கிறேன். ஒரு மழை நாளில், சாரல் அடிக்கிறதே என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன், கிண்ணத்தை மூடவில்லை, ஒரு முழம் தள்ளிக் கொசுவத்தி கொளுத்தத் தீக்குச்சியை உரசினேன். கிண்ணம் பிடித்துக்கொண்டது. சின்னதாக நீலமாக எரிந்தது, கடை வெளிச்சத்தில் கவனிக்கவே இல்லை, கை ரோமம் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் உறைத்தது. எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்ததும் அணைந்தது. அன்றையிலிருந்து ஐம்பது மில்லிக்கு மேல் மேசையில் வைப்பதில்லை.

குழித்துறை பெரியவர்:
இதுக்கு இவ்வளவு பயமா? எங்கள் வீட்டில் இருபது வருஷமா அடுப்புப் பக்கத்தில்தான் இருக்கு. பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பெல்லாம் தேய்த்தும் விடுவோம்.

குளச்சல் நர்ஸ் அக்கா:
ஐயா, அடுப்பை அப்புறம் பேசலாம், பேரன் உடம்பில் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். பிஞ்சுத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்ப் பிள்ளை மயங்கிவிடும். காய்ச்சலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

தக்கலைக்காரன்:
மாற்றியாச்சு. கடைப் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றி, சிவப்பு மையில் 'குடிக்காதே' என்று எழுதி ஒட்டி, அம்மா சேலை அலமாரியில் மேலே வைத்துப் பூட்டிவிட்டேன். ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியது, விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டுத் துடைத்தேன், துணியை முற்றத்தில் காயப் போட்டிருக்கிறேன். அப்பாதான் முறுக்கிக்கொண்டு இருக்கிறார், காலையும் மாலையும் "சாவி எங்கடே?" என்று ஒரு அதட்டல்.