உலகத்துலயே பெரிய பாம்பு நெஜமா எத்தன அடி வரைக்கும் வளரும்?

காபிக்களம்:
நாகலூர் பக்கம் எங்க மாமா தோட்டத்துல போன வாரம் காபி காய வெக்கிற களத்துல ஒரு மலப்பாம்பு நீட்டிப் படுத்துருச்சுங்க, தீயணைப்புக்காரங்க வந்து சாக்குல புடிச்சு வனத்துறைகிட்ட குடுத்துட்டாங்க. அதுக்கப்புறந்தான் பிரச்சன. மாமா 15 அடிங்கறார், வேலைக்கு வர்ற அக்கா 20க்கு மேலங்கறாங்க, சேலத்துக்கு சேதி வந்தப்ப 30 ஆயிருச்சு. இப்ப களத்துப் பக்கம் போகவே ஆளுங்க பயப்படறாங்க. நெஜமா எவ்ளோ வளரும்ங்க?

அம்மாபேட்டை_தம்பி:
நம்மூர் மலப்பாம்பு 10 அடி இருந்தாலே பெருசுங்கண்ணா, 15 அடிய தொடறது ரொம்ப அபூர்வம். உலகத்துலயே நீளமானது ரெட்டிகுலேட்டட் பைத்தான், இந்தோனேசியா மலேசியா பக்கம் இருக்கறது, நம்ம நாட்டுல நிகோபார் தீவுல இருக்கு. அமெரிக்காவுல கான்சஸ் சிட்டியில வளத்த மெடூசாங்கற பாம்ப 2011ல அளந்தப்போ 7.67 மீட்டர், 25 அடி சொச்சம், கின்னஸ்ல ஏறுச்சு. அனகோண்டா எடையிலதான் பெருசு, நீளத்துல இதுக்கு அப்புறந்தான்.

30 அடிக்கு மேல உயிரோட ஒரு பாம்ப கொண்டாந்தா பணம் தர்றோம்னு நியூயார்க் விலங்கியல் சங்கம் பல வருசமா சொல்லிட்டிருந்தாங்க, பரிசு 50,000 டாலர் வரைக்கும் போச்சு, 2002ல நிறுத்தற வரைக்கும் ஒருத்தரும் வாங்கல.

மலையடிவாரம்:
அப்போ எங்க தாத்தா ஒரு பங்களா செவுத்துல 25 அடி தோலு பாத்தேன்னு சொல்வாரே, அது?

அம்மாபேட்டை_தம்பி:
தோல வெச்சு நீளம் சொல்லவே கூடாதுங்க. உரிச்சு இழுத்து ஆணியடிச்சு காய வெச்சா அசல விட நல்லாவே நீண்டுரும். ஜாவாவுல 2003 கடைசில புடிச்ச ஒரு பாம்ப கிட்டத்தட்ட 49 அடின்னு உலகம் பூரா நியூஸ் போட்டாங்க, நேர்ல போய் டேப் வெச்சு பாத்தா 21லருந்து 23 அடிக்குள்ளதான்.

குரும்பப்பட்டி_ரசிகன்:
40 அடி பாம்பு இருந்ததென்னவோ உண்மைங்க, ஆனா மனுசன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. கொலம்பியாவுல ஒரு நிலக்கரி சொரங்கத்துல கெடச்ச டைட்டனோபோவா சுமாரா 42 அடி, ஒரு டன்னுக்கு மேல எடை இருக்கும்னு எலும்ப வெச்சு கணக்கு போட்டாங்க. நம்ம குஜராத் கட்ச் பழுப்பு நிலக்கரி சொரங்கத்துல கெடச்ச வாசுகி இண்டிகஸ பத்தி 2024ல ஐஐடி ரூர்க்கி ஆளுங்க எழுதுனாங்க, 11லருந்து 15 மீட்டர் இருக்கலாமாம், 4.7 கோடி வருசம் பழசு. பாம்புக்கு ஒடம்புச் சூடு வெளியிலருந்துதான் வரணும், அப்போ பூமி இப்ப விட நல்லா சூடா இருந்துச்சு, அவ்ளோ பெரிய ஒடம்பு தாக்குப் புடிச்சதுக்கு அது ஒரு முக்கிய காரணம்.

காபிக்களம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னைக்கி மேல போயிருந்தேன், மாமாவையும் அந்த அக்காவையும் கூட்டிட்டு களத்துக்கே போய் தல எங்க இருந்துச்சு வால் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே எடத்ததான் காட்டுனாங்க, தண்ணித் தொட்டி மூலையிலருந்து படிக்கட்டு வரைக்கும். டேப் புடிச்சா 9 அடி 4 அங்குலம். அக்கா மறுபடியும் ஒரு தடவ அளக்கச் சொன்னாங்க, அளந்தோம், அதேதான்.