யாரும் சொல்லித்தராமல் பிள்ளைகள் பிடித்துக்கொண்டவை: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

ரங்கூனிலிருந்து:

தெருமுனையில் வெற்றிலை விற்கும் பர்மிய அம்மாவிடம் என் பேத்தி காசு கொடுப்பதைப் போன வாரம் பார்த்தேன். வலது கையில் நோட்டு, இடது கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டபடி. இந்த ஊரில் மரியாதையாகக் கொடுப்பதும் வாங்குவதும் இப்படித்தான். வீட்டில் நாங்கள் சொன்னது "சோத்துக் கையால கொடு" என்பது மட்டுமே. மிச்சத்தைச் சந்தையில் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். தன் வயதுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும்போது முழங்கையைத் தொடுவதில்லை. யாரிடம் எப்படி என்பதும் சேர்ந்தே வந்திருக்கிறது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 72 பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், பிறகு அதே அடி அடித்தார்கள், அவர் சொன்னதையே சொன்னார்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது பண்டூரா 1965இல் வெளியிட்ட இன்னொரு சோதனை. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் பார்த்த பிள்ளைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. சரி, மனதில் ஏறவில்லையா? பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் உண்டு என்றதும், தண்டனையைப் பார்க்காத மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். கற்றது உள்ளேயேதான் இருந்திருக்கிறது, வேளை பார்த்துக்கொண்டு.

நல்லதை மட்டும் எழுத வேண்டாம், மற்றதையும் எழுதுங்கள்.

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து:

கோயிலில் தீமிதி முடிந்த மறுநாள் எங்கள் கொல்லையில் பிள்ளைகளின் தீமிதி. செங்கல் வரிசைதான் பூக்குழி, தலையில் சொம்புதான் கரகம். எங்கள் பூசாரிக்குக் கரகத்தைத் தூக்குமுன் தொண்டையைச் செருமி, வேட்டி மடிப்பை ஒரு தட்டுத் தட்டிவிடும் பழக்கம் உண்டு. அரைக்கால் சட்டை போட்ட குட்டிப் பூசாரியும் செருமினான், இல்லாத மடிப்பைத் தட்டிவிட்டான். எது சடங்கு, எது அவருடைய பழக்கம் என்ற பிரிவினை அவனுக்கு ஏது?

2005இல் ஹார்னர், வைட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில் இதே சங்கதி வருகிறது. பெட்டிக்குள் இருக்கும் பரிசை எடுப்பதற்கு, தேவையில்லாத சில வேலைகளையும் சேர்த்துச் சிம்பன்சிகளுக்கும் பிள்ளைகளுக்கும் செய்து காட்டினார்கள். உள்ளே தெரியும் பெட்டியாக இருந்தபோது சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டன. 3, 4 வயதுப் பிள்ளைகளோ அதையும் விடாமல் செய்தார்கள். சிம்பன்சிதான் கெட்டிக்காரன் என்று சிலர் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பையன்கள் எங்கள் ஊரில் கரகம் எடுக்கும் முறையை இன்றும் பிசகாமல் செய்கிறார்கள் என்றால், எதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் இந்தக் குணத்தால்தான்.

பர்மாவின் பெகு ஊரிலிருந்து:

ரங்கூன் அம்மா, உள்ளே வேளை பார்த்திருக்கும் என்றீர்களே, அதுதான் எனக்குப் பயம். என் மாமனாருக்கு வெற்றிலை இல்லாமல் பொழுது போகாது. என் மகன் காகிதத்தை மடித்துக் கன்னத்தில் அடக்கி, தலையைச் சாய்த்துச் சாக்கடையில் துப்பினான். மாமனாரே பதறிவிட்டார். "பேரன் முன்னாடி இனி போட மாட்டேம்மா" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், போட வேண்டுமானால் தெருமுனைக்குப் போய்விடுகிறார். பிள்ளை அதையும் பார்த்துவிட்டான். இப்போதெல்லாம் காகிதத்தை மடித்ததும், வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருமுனைக்கு நடக்கிறான்.

மறைத்தால் மறைப்பதையும் கற்கிறான். அடியோடு நிறுத்தச் சொல்ல, இந்த வயதில் அவரிடம் எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது வெற்றிலையை விட்டிருந்தால், யார் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.