வேப்பம்பலகை குழிந்துவிட்டது, எண்ணெய் வாடை வேறு

முக்கால் அங்குல கனத்தில் வேப்பமரக் காய் நறுக்கும் பலகை. கடலை எண்ணெய் பூசியிருக்கிறது. ஒரே மாதத்தில் நடுவில் குழிந்து, பிசுபிசுத்துச் சிக்குவாடை அடிக்கிறது. சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1: ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்தால் இப்படித்தான் ஆகும். குழிந்த பக்கத்தை ஈரத்துணிமேல் கவிழ்த்து ஓர் இரவு வையுங்கள். நிமிர்ந்ததும் நிறுத்திவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும், வேண்டவே வேண்டாம்.

பதில் 2: வாடைக்குக் காரணம் சமையல் எண்ணெய்தான், காற்றுப்பட்டுக் கெட்டுப்போகும். 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, 220இல் முடியுங்கள். மருந்துக்கடையில் வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபின் (கெட்டுப்போகாத கனிம எண்ணெய்) கிடைக்கும். இருபுறமும் சமமாகப் பூசுங்கள், இழை வெட்டுப்பட்ட முனைகளில் இரண்டு மூன்று தடவை. அங்கேதான் தண்ணீர் அதிகம் இறங்கும்.

பதில் 3: அந்த லிக்விட் பாரஃபினில் கால் பங்கு தேன்மெழுகு உருக்கிக் கலந்தால் இன்னும் நல்லது.