புதுப்பிப்பு: மகனின் இன்ஹேலர் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை

ஸ்டீராய்டு இன்ஹேலர் தினமும் எடுத்தும் 9 வயது மகனுக்கு ராத்திரி இருமல் நிற்கவில்லை, டோஸைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"கூட்டுவதற்கு முன் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளவைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சோதனைக் கருவியின் திரையில் வரும் மேகம் கோட்டைத் தாண்டாமல் 6 விநாடி சீராக ஊத வேண்டும், அவ்வளவுதான். 48 பிபிபி (நூறு கோடியில் 48 பங்கு) வந்தது. குழந்தைகளுக்கு 35-க்கு மேல் போனால், ஸ்டீராய்டுக்கு அடங்கக்கூடிய அழற்சி சுவாசக் குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து எடுத்தும் ஏன் இவ்வளவு? டாக்டர் தன் முன்னாலேயே அவனை இன்ஹேலர் எடுக்கச் சொன்னார். ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) விசில் அடித்தது. வேகமாக இழுக்கிறான் என்று அர்த்தம், மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே படிந்துவிடுகிறது. மெதுவாக இழுக்கப் பழக்கினோம். அதே டோஸ்தான். 6 வாரம் கழித்து 21. இப்போது இருமல் இல்லாமல் தூங்குகிறான்.

எதிர்பாராதது ஒன்று: முதல் தடவை சோதனை செய்யாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தான். நைட்ரேட் அதிகமுள்ள காய், கீரை அளவை ஏற்றிக் காட்டுமாம். ஸ்பைரோமெட்ரியும் (பலமாக ஊதி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) அன்றே இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். பலமாக ஊதிய பிறகு அளவு குறைந்து காட்டலாம்.