மறுமொழி: வெள்ளிக் கூழா, வெள்ளி அயன் நீரா?

> அக்கா, ‘வெள்ளிக் கூழ்’ எண்டு போட்டால் சனம் ஒடியல் கூழை நினைச்சுச் சிரிக்கும். தண்ணி மாதிரி இருக்கிற சாமானுக்குக் கூழ் எண்டு பேரா? பேசாமல் ‘கொலொயிடல் சில்வர்’ எண்டே விடுங்கோ.

தம்பி, வணக்கம். கொலொயிடல் சில்வருக்கு, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள்கள் கரையாமல் மிதக்கும் நீருக்கு, ‘வெள்ளிக் கூழ்’ என்று தமிழ்ப்பெயர் வைத்தால் சிரிப்பார்கள் என்கிறீர்கள்.

சிரிக்கட்டும். 1861இல் தோமஸ் கிரகாம் ‘கொலொயிட்’ என்று பெயர் வைத்ததும் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துத்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘கூழ்மம்’ என்பதும் அதே வழி. கூழ் என்ற சொல்லோடு எனக்குச் சண்டையில்லை. நீங்கள் வெள்ளவத்தையில் வீட்டுக் குசினியில் செய்கிற தண்ணீரில் கூழ் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

காய்ச்சி வடித்த நீர், இரண்டு வெள்ளிக் கம்பி, தொடராகக் கோத்த மூன்று 9 வோல்ற் பற்றரி. அனோட்டிலிருந்து, அதாவது பற்றரியின் நேர்முனையில் கோத்த கம்பியிலிருந்து, நீருக்குள் இறங்குவது வெள்ளி அயன், மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணு. அதில் பெரும்பங்கு அயனாகவே கரைந்து நிற்கும். கொஞ்சம்தான் துகளாகத் திரளும். அப்படியென்றால் அது கரைசல். இருட்டறையில் லேசர் விளக்கை அடித்துப் பாருங்கள். ஒளிக்கீற்று நீருக்குள் கோடாகத் தெரிந்தால் துகள் உண்டு, கூழ் என்று தாராளமாகச் சொல்லலாம். மென்மஞ்சள் நிறமும் துகளின் அடையாளம்தான்.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அயன் கூடக் கூட நீர் மின்னை நன்றாகக் கடத்தும், மின்னோட்டம் தன்பாட்டில் ஏறும், கடைசியில் கறுப்பு மண்டிதான் மிச்சம். மணிக்கூட்டை மட்டும் பார்த்தால் போதாது, மின்னோட்டத்தை ஒரே அளவில் கட்டிவைக்க வேண்டும். ஓடிய மின்னளவுக்கேற்ப உலோகம் கழலும் என்ற பரடேயின் விதிப்படி 1 மில்லிஅம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் அனோட்டிலிருந்து ஏறக்குறைய 4 மில்லிகிராம் வெள்ளி கழலும். அதில் கொஞ்சம் மற்றக் கம்பியான கதோட்டிலும் படியும். விரைவாக்க உப்புப் போடாதீர்கள். வெள்ளிக் குளோரைட்டாகிப் பால்போலக் கலங்கும். கம்பி நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவில் வாங்கியதா? 92.5 வீத வெள்ளியென்றால் மிச்சம் பெரும்பாலும் செம்பு. நகைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

ஆகவே என் முன்மொழிவு: கீற்றுத் தெரியாததற்கு ‘வெள்ளி அயன் நீர்’, தெரிவதற்கு ‘வெள்ளிக் கூழ்’. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் சொல்லே பொய் சொல்லும்.

‘வெள்ளி மருந்து’ என்று இன்னொருவர் எழுதியதை மட்டும் ஏற்க மாட்டேன். தொடர்ந்து குடித்தால் தோலில் வெள்ளி படிந்து சாம்பல்நீலமாகும். பிறகு பழைய நிறம் திரும்பாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இலேயே வெள்ளிக் கூழ் மருந்துகளைப் பாதுகாப்பானவையென்றோ பயனுள்ளவையென்றோ ஏற்க மறுத்துவிட்டது. அந்த நோய்க்கு ‘வெள்ளி நீலம்பாரிப்பு’ என்று வைக்கலாமா? விஷம் ஏறினால் நீலம் பாரித்தது என்றுதானே ஊரில் சொல்வோம்.

> > லேசர் அடிச்சுப் பாத்தன் அக்கா. தெளிஞ்ச போத்தல் ரெண்டிலயும் ஒண்டும் தெரியேல்ல. போன மாசத்து மஞ்சள் போத்தலில கோடு நல்லா விழுது. லேபல் ரெண்டு விதமாத்தான் எழுதோணும். நீலம்பாரிப்புக்கு என்ர வாக்கு உண்டு. குடிக்கிறேல்ல, பயப்பிடாதேங்கோ.