ஷாங்கருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றிச் செவிலியர் மாணவிகளுக்கு ஒரு பாடமும், நோயாளிகள் கையில் கொடுக்க ஒரு துண்டறிக்கையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. சிபிலிஸை அப்படியே விட்டுவிட்டேன், அதில் சண்டை வேண்டாம். சிக்கல் 'ஷாங்கர்'தான். கிருமி நுழைந்த இடத்தில், பெரும்பாலும் மூன்று வாரம் கழித்து வரும் முதல் புண். பொதுவாக வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆள் நிம்மதியாக இருந்துவிடுவார், கிருமி உள்ளே இருக்கும். அகராதியைப் பார்த்தால் 'மேகப்புண்' என்கிறது. போடலாமா?
– செ.

*

செ. அம்மா, மேகப்புண் வேண்டவே வேண்டாம். இந்த மேகம் முகில் இல்லை. சிறுநீர்க் கோளாற்றைக் குறிக்கும் 'மேஹ' என்ற வடசொல், ஹகரம் ககரமாகி வந்தது. நீரிழிவை மதுமேகம் என்பதும் இதை வைத்துத்தான். சர்க்கரைப் புண்ணோடு வருபவர் உங்கள் துண்டறிக்கையைப் படித்தால் என்ன நினைப்பார்? யாராவது 'கிரந்திப்புண்' என்று கிளம்புவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். கிரந்தி என்றால் முடிச்சு. ஏடுகளை முடிந்து கட்டியதால் வந்த கிரந்தமும் அதே வேர். கிரந்த எழுத்தே கூடாது என்று ஆறு மாதம் சண்டை போட்ட குழுவில் கிரந்தியை உள்ளே விட முடியாது.

ஷாங்கர் பிரெஞ்சுச் சொல். மூலம் இலத்தீன் கான்சர், அதாவது நண்டு. நம் கடக ராசியின் கற்கடகமும் அந்தக் குடும்பம்தான். நண்டுக்குச் சங்கச்சொல் அலவன். ஆகவே என் பரிந்துரை: அலவன்புண்.
– மு.

*

மு. ஐயா, நோயாளி "அலவன் யாருங்க?" என்று கேட்பார்.

கான்சரை நண்டு என்று பெயர்க்காமல் புற்று என்று நம் வழியில் சொன்னோமே, இங்கே மட்டும் ஏன் நண்டைத் துரத்த வேண்டும்? 'நோவாப்புண்' எப்படி? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஓடாக்குதிரை போல. ஒற்று மிகும். நோதல் பூங்குன்றனார் காலத்துச் சொல், நோய்க்கும் அதே வேர். நோவாத நோய் என்ற முரணும் அழகாக விழுகிறது. தீயினாற் சுட்டது உள்ளாறும். இதுவோ வெளியாறும், உள்ளாறாது!
– இரா.

*

இரா. தம்பி, இலக்கணம் சரி. ஆனால் 'நோவா' என்றதும் பாதிப் பேருக்குப் பேழைதான் நினைவுக்கு வரும்.

தோல், பால்வினை மருத்துவராக எனக்கு வேறொரு கவலை. வலியின்மையைப் பெயரிலேயே பூட்டிவிடாதீர்கள். ஆசனவாயில் வந்தாலோ, மேலே வேறு கிருமி தொற்றினாலோ ஷாங்கரும் வலிக்கும். அப்போது அவர் "எனக்கு வலிக்கிறதே, இது அதில்லை" என்று போய்விடுவார். தொடக்கத்தில் பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் அலகு, ஒரே வேளையோடு முடிகிற விஷயம். ஓராண்டு தாண்டிவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று முறை. புண் வந்த புதிதில் இரத்தப் பரிசோதனைகூடச் சில நேரம் ஏமாற்றும்.

நாங்கள் கையுறையோடு இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்போம். உங்கள் காது மடலின் மேல்பாதியை இப்போது அழுத்திப் பாருங்கள், புண்ணின் அடி ஏறக்குறைய அப்படி இருக்கும். அதனால் 'வன்புண்' என்பேன். ஷாங்க்ராய்டு என்ற வேறொரு பால்வினை நோயின் புண் தொட்டால் மெத்தென்று இருக்கும், வலிக்கும், எளிதில் இரத்தம் கசியும். அது 'மென்புண்'. இரண்டும் வேறு வேறு கிருமி. பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக்கால அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரே சாட்சி. வெட்டையும் (கொனோரியா) சிபிலிசும் ஒரே நோய் என்று 1786இல் புத்தகம் போட்டார். பிரெஞ்சு மருத்துவர் ரிக்கோர் 1838இல் பிரித்துக் காட்டும்வரை அரை நூற்றாண்டு போனது.
– ம.

*

மருத்துவர் அம்மா சொல்வது பாடத்துக்குப் பொருந்தும். ஆனால் துண்டறிக்கையில் வன்புண் என்று போட்டால், வன்முறையில் பட்ட காயம் என்று படிப்பார்கள். 'கடும்புண்' இன்னும் மோசம், ஐசியூவுக்கு ஓடுவார்கள். அப்புறம் ஒன்று, 'சாங்கர்' என்றாவது எழுதக்கூடாதா?
– வே.

*

சாங்கர் ஏதோ சங்கரின் தம்பி போல இருக்கிறது. நண்டை இன்னும் யாரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.
– மு.

*

நண்பர்களே, வியாழன் இரவு பதினொன்று. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். இப்படி முடித்துவிட்டேன்:

துண்டறிக்கையில் சொல்லே இல்லை. "பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ புதிதாகப் புண் வந்தால், வலிக்காவிட்டாலும், தானாக ஆறிவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று ஒரே வரி. பாடத்தில் 'முதற்புண்'. சிபிலிஸின் முதல்நிலையோடு ஒத்துப்போகிறது, மாணவிகள் மறக்கவும் மாட்டார்கள். ஷாங்கர் என்பதையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன், நோயாளிக் குறிப்பில் அவர்கள் அதைத்தானே பார்க்கப்போகிறார்கள். ம. அம்மாவின் காது மடலைக் கேட்காமலே பாடத்தில் சேர்த்துவிட்டேன், மன்னிக்கவும்.
– செ.

*

காது மடலுக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். முதற்புண்ணுக்கு நானும் சரி என்கிறேன், வேறு வழியில்லாமல்.
– ம.

*

செ. அக்கா, ஷாங்கர் முதற்புண் என்றால் அடுத்த பக்கத்தில் வரும் ஷாங்க்ராய்டை என்ன செய்தீர்கள்? முதற்புண்போலியா? வன்புண் இருந்தால்தான் மென்புண் நிற்கும். பெயரில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி உடைந்துபோகும். நோவாப்புண்ணை நான் இன்னும் கைவிடவில்லை, பேழை இருந்தால் இருக்கட்டும்.
– இரா.

*

ஐயோ, அந்தப் பக்கத்தில் மென்புண் என்றே போய்விட்டது.
– செ.